மூன்றரை ஆண்டும் எழுபது ஆண்டும்

அகதியைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் ‘றெபியூஜி’ என்னும் சொல் அவர்கள் மொழியிலே பிறந்ததன்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரான்சிலிருந்து தப்பிவந்த ஹியூகனோக்கள் என்னும் புரட்டஸ்தாந்து மக்களோடு அச்சொல்லும் கடல் கடந்து வந்து இந்நாட்டிலே தங்கிவிட்டது. 1598ஆம் ஆண்டு நான்காம் ஹென்றி மன்னன் நாந்த் நகரிலே விடுத்த ஆணை அம்மக்களுக்கு வழிபாட்டுரிமை அளித்திருந்தது. அவன் பேரனாகிய பதினான்காம் லூயி 1685 ஒக்ரோபரில் அவ்வாணையை நீக்கினான். தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் பதினைந்து நாள்களுள் நாட்டைவிட்டு நீங்கவேண்டும் என்றும், மற்றையோர் எவரும் நீங்கலாகாது என்றும் கட்டளை பிறந்தது. நீங்க முயன்று அகப்பட்ட ஆண்கள் அரச கப்பல்களிலே துடுப்பு வலிக்கும் கைதிகளாயினர். அவ்வாறிருந்தும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் எல்லைகளைக் கடந்தனர். அவர்களுள் நாற்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரையிலானோர் இங்கிலாந்தை அடைந்தனர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. கிழக்கு இலண்டனின் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியிலே அவர்களுடைய பட்டுத் தறிகள் ஒலித்தன. சோஹோவின் தெருக்களிலே பிரெஞ்சு மொழி கேட்டது.

வந்தவர்கள் பலருடைய உள்ளத்திலே நின்ற கேள்வி, எப்போது திரும்பிப் போவது என்பதே. அதற்கு விடையை அவர்கள் அரசியலாரிடம் மாத்திரம் தேடவில்லை. தாம் கையோடு எடுத்துவந்த விவிலியத்தின் எண்களிலும் தேடினர். ‘அடுத்த வருடம் ஊரில்’ என்று தைப்பொங்கல் தோறும் சொல்லிப் பழகிய எமக்கு அவர்களுடைய வரலாறு அந்நியமானதாக இராது. அத்தேடல் அவர்களை எங்கே கொண்டுசென்றது என்பதை அறியுமுன், அந்நூலிலே எண்கள் எவ்வாறு பேசுகின்றன என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

எழுத்தே எண்ணாகும் முறை

‘எட்டும் இரண்டும் அறியாதவன்’ என்று எம் முன்னோர் ஒருவனைப் பழித்தபோது, அவனுக்குக் கணக்கு வராது என்பது மட்டும் அதன் பொருளாக இருக்கவில்லை. பழைய தமிழ் இலக்கங்களுள் எட்டின் வடிவம் அகரத்தையும் இரண்டின் வடிவம் உகரத்தையும் ஒத்தவை. சைவ ஞானியரும் சித்தரும் அவற்றினுள்ளே மறைபொருள் வைத்துப் பாடினர். எபிரேயரும் கிரேக்கரும் இதனினும் ஒரு படி மேலே சென்றனர். அவர்களிடத்தே எழுத்துகளே இலக்கங்களாகவும் வழங்கின. ஆகையால் எந்தப் பெயருக்கும் ஒரு கூட்டுத்தொகை உண்டு.

தாவீது என்னும் பெயரை எபிரேயத்தில் எழுத மூன்று மெய்கள் போதும். அவற்றின் மதிப்பு 4, 6, 4, கூட்டினால் 14. மத்தேயு எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் புரட்டுவோர், ஆபிரகாம் முதல் தாவீது வரை 14 தலைமுறை, தாவீது முதல் பாபிலோனியச் சிறையிருப்பு வரை 14, சிறையிருப்பு முதல் கிறிஸ்து வரை 14 என அவர் கணக்கிடுவதைக் காண்பர். இத்தொகை நிறைவதற்காக, பழைய ஏற்பாட்டின் அரச வரிசையிலே உள்ள மூன்று மன்னரை அவர் விட்டுவிடுகிறார். தலைமுறைகளை எண்ணுவதிலும் பார்க்க அவற்றுக்கு ஒரு பொருள் காண்பதே அவர் நோக்கம். அவர் நாட்டிய எல்லைக்கற்கள் இரண்டு: ஒன்று ஓர் அரசன், மற்றையது ஒரு மக்கள் கூட்டம் நாடுகடத்தப்பட்ட நிகழ்ச்சி. நாடிழந்ததை வரலாற்றின் அளவுகோலாகக் கொண்ட மக்கள் பிறரும் உளர் என்பதை எம்மவர் சிந்தித்தல் நன்று.

ஏழு நிறைவைக் குறிக்கும் எண். படைப்பு ஏழு நாள்களில் முற்றுப்பெறுகிறது. எபிரேயத்தில் ஆணையிடுதலைக் குறிக்கும் சொல்லும் ஏழைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரின. ஏழு உலகம், ஏழு கடல், ஏழு பிறப்பு என்று வழங்கும் எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு ஒரு மக்களினத்தின் முழுமை. யூதாசின் இடம் வெறுமையானபோது சீடர்கள் சீட்டுப்போட்டு மத்தியாவைச் சேர்த்துக்கொண்டது பன்னிரண்டு என்னும் தொகை குறையலாகாது என்பதற்காகவே.

இவை யாவற்றினும் பெரும் பேரெடுத்தது 666. வெளிப்படுத்தின விசேடம் என்னும் நூல், பத்மு என்னும் சிறு தீவிலே இருந்த யோவான் என்பவரால் எழுதப்பட்டது. விசுவாசத்தின் பொருட்டு அவர் அங்கே நாடுகடத்தப்பட்டிருந்தார் என்பது மரபு. உரோமப் பேரரசின் கீழிருந்துகொண்டு அப்பேரரசனை மிருகம் என்று வெளிப்படையாக எழுத இயலாது. அறிவுடையோன் கணக்கிடுக என்று கூறி ஓர் எண்ணைத் தந்துவிடுகிறார். நீரோன் கைசர் என்பதை எபிரேய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 666 வரும். பெயரின் ஈற்று ‘ன்’ இன்றி நீரோ என்று எழுதினால் 616. மிகப் பழைய ஏட்டுப் பிரதிகள் சிலவற்றிலே 616 என்றே காணப்படுகிறது. இரண்டாம் நூற்றாண்டினரான இரேனேயு இப்பாட வேறுபாட்டை அறிந்திருந்தார். ஆய்வாளருட் பெரும்பாலோர் நீரோ என்னும் விளக்கத்தை ஏற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடக்குமுறைக்குள் வாழ்ந்தோர் தம்முட் பேசிக்கொண்ட குறிமொழி இது. தணிக்கைக்கு அஞ்சிப் பெயர்களை மாற்றி எழுதப்பட்ட கடிதங்களை ஊரிலிருந்து பெற்றவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும்.

ஆனால் எழுதியவரின் காலம் மறைந்தபின் குறிமொழி சோதிடமாகிவிட்டது. இலண்டன் நகரம் அதனாற் பட்ட பாட்டை இங்கே குறிப்பிடாமல் விடல் ஆகாது. 1661 சனவரியில் தோமஸ் வெனர் என்னும் பீப்பாய்த் தொழிலாளி, தானியேல் நூலின் நான்கு பேரரசுகளும் முடிந்தன, ஐந்தாவதாகிய கிறிஸ்துவின் அரசு இதோ என்று கூறி, ஐம்பது பேரளவில் திரட்டிக்கொண்டு நகரத் தெருக்களிலே வாளேந்திப் போரிட்டார். சில நாள்களில் யாவும் அடக்கப்பட்டன, வெனர் தூக்கிலிடப்பட்டார். பின்னர் 1666 வந்தது. ஆண்டின் ஈற்று மூன்று இலக்கங்களே பலரை நடுங்கச் செய்தன. கடற்படை அலுவலராகிய சாமுவேல் பீப்ஸ் அவ்வாண்டு பெப்ரவரியில் 666இன் பொருளை விளக்கும் நூலொன்றை விலைகொடுத்து வாங்கினார் என்று அவர் நாட்குறிப்பு கூறுகிறது. செப்ரெம்பர் 2ஆம் நாள் நகரம் தீப்பற்றிற்று. திறெட்நீடில் வீதியிலிருந்த பிரெஞ்சுத் தேவாலயமும் அதில் எரிந்தது. ஆயினும் சனக்கூட்டம் பிரெஞ்சுக்காரரையும் ஒல்லாந்தரையும் தேடித் தேடித் தாக்கிற்று. றொபேர் ஹ்யூபேர் என்னும் பிரெஞ்சு இளைஞன், சித்தத் தெளிவில்லாத நிலையிலே, தீயை மூட்டியவன் தானே என்று சொல்லிக்கொண்டான். ஒக்ரோபரில் அவனைத் தூக்கிலிட்டனர். தீ தொடங்கிய நாளில் அவன் இந்நாட்டுக் கரையையே மிதித்திருக்கவில்லை என்பது பின்னரே தெளிவாயிற்று. எண்ணுக்கு அஞ்சிய நகரம் பழியை அந்நியன் மேற் போட்டது.

சிறையிருப்பின் கணக்கு

இனி, நாடிழந்தோருக்குரிய எண்களுக்கு வருவோம். அவற்றுள் முதலாவது நாற்பது. நோவா காலத்து மழை நாற்பது நாள்; சீனாய் மலையிலே மோசே நாற்பது நாள்; எலியா ஓரேபு மலைக்கு நடந்தது நாற்பது நாள்; இயேசு பாலைநிலத்திலே உண்ணாதிருந்தது நாற்பது நாள். எகிப்திலிருந்து புறப்பட்டோர் அலைந்தது நாற்பது ஆண்டு. புறப்பட்ட தலைமுறை வழியிலே மாண்டு, வழியிலே பிறந்த தலைமுறை போய்ச் சேர்வதற்கு வேண்டிய காலமே இங்கு நாற்பது எனப்படுகிறது. 1983 யூலையிலிருந்து எண்ணினால் 2023இல் எமக்கும் நாற்பது நிறைந்துவிட்டது. இதனை ஒப்புமைக்காகச் சொல்கிறேனேயன்றி, கணிப்பாக அன்று.

இராமனுக்குப் பதினான்கு ஆண்டு வனவாசம், பாண்டவருக்குப் பன்னிரண்டு ஆண்டும் மறைந்துறையும் ஓராண்டும் என்று எம் இதிகாசங்களிலும் நாடு நீங்கியோருக்குத் தவணை உண்டு. ஆனால் அத்தவணை வரமாகவோ பந்தயமாகவோ முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டது. போகும்போதே திரும்பும் நாள் தெரியும். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட யூதருக்கு அந்த வசதி இருக்கவில்லை. அங்கேதான் எழுபது என்னும் எண் பிறக்கிறது. அதன் கதை விரிவாகச் சொல்லத் தக்கது.

கி.மு. 597இல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, அதன் இளம் அரசனையும் பிரபுக்களையும் கைவினைஞரையும் சிறைபிடித்துச் சென்றான். சில ஆண்டுகளின் பின், எருசலேம் ஆலயத்திலே மக்கள் முன்னிலையில் இரு தீர்க்கதரிசிகள் எதிரெதிர் நின்றனர். ஒருவர் அனனியா, மற்றவர் எரேமியா. இன்னும் இரண்டு ஆண்டுகளுள் பாபிலோனின் நுகம் முறியும், கொண்டுபோகப்பட்ட பாத்திரங்களும் மனிதரும் திரும்பி வருவர் என்றார் அனனியா. அடிமைத்தனத்துக்கு அடையாளமாக எரேமியா தம் கழுத்திலே ஒரு மரநுகத்தைப் பூட்டியிருந்தார். அனனியா அதனைப் பிடுங்கி எல்லாரும் காண உடைத்தார். சனங்களுக்கு அது எவ்வளவு மகிழ்ச்சியளித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அதற்குமுன் எரேமியா கூறிய மறுமொழி வியப்புக்குரியது. ஆமென், ஆண்டவர் அப்படியே செய்வாராக என்றார். தமக்கும் அதுவே விருப்பம், ஆயினும் நடக்கப்போவது வேறு என்பது அதன் உட்பொருள். நுகம் உடைக்கப்பட்டபின் ஒன்றும் பேசாமல் தம் வழியே போய்விட்டார். மரநுகத்தை உடைத்தாய், அதற்கு ஈடாக இரும்பு நுகத்தை உண்டாக்கினாய் என்னும் வாக்கு பின்னரே வந்தது.

பின்பு அவர் பாபிலோனிலிருந்தோருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள், எழுபது ஆண்டு நிறைந்தபின் திரும்புவீர்கள் என்பது அதன் சாரம். அக்கடிதம் பலருக்குப் பிடிக்கவில்லை. பாபிலோனிலிருந்த ஒருவர், இப்படி எழுதுகிறவனை ஏன் தண்டிக்கவில்லை என்று எருசலேமின் ஆசாரியருக்கே முறைப்பாடு எழுதினார்.

இந்த எழுபதை நாட்காட்டியில் வைத்துப் பார்ப்போர் இடர்ப்படுவர். கோரேசு மன்னன் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539இல்; யூதர் திரும்ப அனுமதி பெற்றது அதற்கடுத்த ஆண்டு. முதற் சிறையிருப்பிலிருந்து எண்ணினால் 59 ஆண்டு. ஆலயம் அழிந்த கி.மு. 586இலிருந்து எண்ணினால் 48. ஆலயம் எரிந்ததிலிருந்து புதிய ஆலயம் முடிந்த கி.மு. 515 வரை எண்ணினால் மட்டும் எழுபதுக்கு அண்மையில் வரும். ஆகவே, எழுபது என்பது பஞ்சாங்கக் கணக்கைவிடப் பழைய ஒரு கருத்தைத் தாங்கிய எண் என்று கொள்ளலே பொருந்தும். அதற்குச் சான்று பாபிலோனிலிருந்தே கிடைத்திருக்கிறது. கி.மு. 689இல் அசீரிய மன்னன் சனகெரிபு பாபிலோனை அழித்தான். அவன் மகன் எசரத்தோன் அதனை மீளக் கட்டியபோது பொறித்த கல்வெட்டிலே ஒரு விந்தையான செய்தி உண்டு. மார்துக் தெய்வம் பாபிலோனுக்கு எழுபது ஆண்டு பாழ்நிலையை விதித்து விதியேட்டில் எழுதியிருந்தாராம். பின்பு இரக்கங்கொண்டு அவ்வேட்டைத் தலைகீழாக்கிப் பதினோராம் ஆண்டிலே கட்டும்படி கட்டளையிட்டாராம். ஆப்பெழுத்தில் 70ஐ அறுபதும் பத்துமாக எழுதுவர். அறுபதுக்கும் ஒன்றுக்கும் குறி ஒன்றே. அவ்விரண்டு குறிகளின் வரிசையை மாற்றினால் பத்தும் ஒன்றுமாகி 11 ஆகிவிடும். இதனை எழுதிய கோயில் எழுத்தரின் சாமர்த்தியத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. எரேமியாவுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, ஒரு நகரம் தண்டனை அனுபவிக்கும் காலம் எழுபது என்பது அந்நாடுகளிலே நிலைபெற்ற வழக்காக இருந்தது என்பதனை இது காட்டுகிறது.

எழுபது ஒரு மனிதன் வாழும் காலத்தின் அளவுமாகும். சங்கீத நூலும் அவ்வாறே அளவிடுகிறது. எரேமியாவின் கடிதத்தைக் கேட்ட வளர்ந்தோர் எவரும் திரும்பப் போவதில்லை, பேரப்பிள்ளைகள் போகலாம். அனனியாவின் இரண்டு ஆண்டுக்கும் எரேமியாவின் எழுபது ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் நீட்சி அன்று. இரண்டு ஆண்டை நம்புவோன் தோட்டம் வைக்கமாட்டான்.

பாதி ஏழு

ஏழின் பாதி மூன்றரை. தானியேல் நூலில் கொடுங்கோலன் பரிசுத்தரை ஒடுக்கும் காலம் ஒரு காலமும், இரு காலங்களும், அரைக் காலமும் என்று கூறப்படுகிறது. கி.மு. 167 முதல் 164 வரை அந்தியோக்கு எப்பிபானெஸ் மன்னன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி யூத சமயத்தைத் தடைசெய்திருந்த துன்பக் காலம் அதன் பின்னணி. வெளிப்படுத்தின விசேடம் அதனையே 42 மாதம் என்றும், மாதத்துக்கு 30 நாளாக 1260 நாள் என்றும் விரிக்கிறது. நிறைவாகிய ஏழை எட்டமுடியாமல் நடுவிலே முறிந்துபோகும் கொடுமை என்பதே இவ்வெண்ணின் கருத்து. இது துன்பத்துக்குரிய வாய்பாடாகவே வழங்கிற்று என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. எலியா காலத்து மழையில்லாப் பஞ்சம் மூன்றாம் ஆண்டிலே தீர்ந்தது என்று இராஜாக்களின் நூல் கூறுகிறது. அதே பஞ்சத்தை லூக்காவும் யாக்கோபும் குறிப்பிடும்போது மூன்று ஆண்டும் ஆறு மாதமும் என்கின்றனர்.

ஒரு நாளை ஓர் ஆண்டாகக் கொள்ளும் வழக்கமும் விவிலியத்திலே இரண்டோர் இடங்களில் வருகிறது. நாற்பது நாள் நாட்டை வேவு பார்த்ததற்கு நாற்பது ஆண்டு அலைச்சல் என்று எண்ணாகமத்திலும், எசேக்கியேல் படுத்துக்கிடந்த ஒவ்வொரு நாளும் ஓராண்டு என்று அவர் நூலிலும் காணலாம். அவ்விடங்களுக்கே உரிய இவ்விதியைப் பிற்கால உரையாளர் எல்லா எண்களுக்கும் பொதுவிதியாக்கினர். இவ்விதியையே பியேர் ஜூரியே கையிலெடுத்தார்.

ஜூரியே சிறந்த கல்விமான். செடான் நகரப் புரட்டஸ்தாந்துக் கல்விக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, 1681இல் அது மூடப்பட்டபின் றொட்டர்டாம் நகரை அடைந்து அங்கே போதகரானார். 1686இலே தீர்க்கதரிசனங்களின் நிறைவேற்றம் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அது ஆங்கிலத்தில் இலண்டனில் அச்சாயிற்று. வெளிப்படுத்தின விசேடத்தின் பதினோராம் அதிகாரத்தில், கொல்லப்பட்ட இரு சாட்சிகளின் உடல்கள் அடக்கம் செய்யப்படாமல் பெருநகரத்தின் தெருவிலே மூன்றரை நாள் கிடந்து, பின் உயிர்பெற்றெழும் காட்சி உண்டு. அப்பெருநகரத்தின் தெரு பிரான்சு. கொலை நடந்தது 1685 ஒக்ரோபர். நாளை ஆண்டாகக் கொண்டால் உயிர்த்தெழும் காலம் 1689 என்பது அவர் கணிப்பு. அதோடு, பிரான்சிலே ஒளிந்து வழிபட்டோருக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை கள்ளத்தனமாகக் கடிதங்கள் அனுப்பினார். அம்மக்களுக்கு அவை எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை மறந்துவிட்டு அவரை எள்ளி நகையாடுதல் முறையன்று.

கணிப்புப் பொய்த்திருந்தால் கேடு குறைந்திருக்கும். அது பாதி பலித்தது போலத் தோன்றிற்று. 1688 நவம்பரில் ஒல்லாந்திலிருந்து வில்லியம் இளவரசர் இங்கிலாந்தில் வந்திறங்கினார். அவர் படையிலே ஹியூகனோ அதிகாரிகள் பலர் இருந்தனர். 1689 ஏப்ரல் 11ஆம் நாள் அவருக்கும் மேரிக்கும் இலண்டனில் முடிசூட்டப்பட்டது. 1685 ஒக்ரோபரிலிருந்து எண்ணினால் சரியாக மூன்றரை ஆண்டு! அவ்வாண்டு ஓகஸ்டில், சுவிற்சர்லாந்தில் அகதிகளாயிருந்த வால்டென்சியர் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த தொகையினராய் ஜெனீவா ஏரியைக் கடந்து, ஆல்ப்ஸ் மலைகளிலே போரிட்டபடி தம் பள்ளத்தாக்குகளுக்கு மீண்டனர். இவற்றைக் கண்டவர் எவருக்குத்தான் ஐயம் எழும்?

ஆனால் அதே 1689 பெப்ரவரியில், தென்பிரான்சின் விவரே மலைப்பகுதியிலே வேறொன்று நடந்தது. தீர்க்கதரிசனம் உரைக்கும் எளிய மனிதரைச் சூழ்ந்து, விடுதலை நெருங்கிவிட்டது என்ற நம்பிக்கையோடு வெட்டவெளிகளிலே கூடிய உழவரைப் படையினர் சுட்டும் வெட்டியும் கொன்றனர். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தங்களைக் குண்டு துளைக்காது என்று பலர் நம்பியிருந்தனர். இதற்கு ஜூரியேயின் கடிதங்கள் எவ்வளவு காரணம் என்பதில் ஆய்வாளர் ஒருமித்த கருத்துடையர் அல்லர். எவ்வாறாயினும், எல்லைக்கு வெளியே பாதுகாப்பாக இருந்தவர் குறித்த ஆண்டுக்கு எல்லைக்கு உள்ளே இருந்தவர்கள் விலை கொடுத்தனர் என்பது கண்கூடு.

1690இலே அகதிகளுக்கு அறிவுரை என்னும் தலைப்பில் பெயரிலி ஒருவர் எழுதிய நூல் வெளிவந்து, இத்தகைய எதிர்பார்ப்புகளைக் கடுமையாகச் சாடியது. ஜூரியேயோடு ஒரே நகரத்தில் வாழ்ந்த அகதியாகிய பியேர் பேல் என்னும் மெய்யியலாளரே அதனை எழுதினார் என்று பலரும் நம்பினர். ஜூரியே அவரைத் துரோகி என்று தூற்றினார். 1693இலே பேல் தம் ஆசிரியப் பதவியை இழந்தார். அனனியாவும் எரேமியாவும் எருசலேமில் நின்றது போன்று இவ்விருவரும் றொட்டர்டாமில் நின்றனர் எனலாம். 1697இல் றைஸ்விக் உடன்படிக்கை எழுதப்பட்டது. வில்லியமை இங்கிலாந்தின் மன்னனாக லூயி ஒப்புக்கொண்டான். ஹியூகனோக்களைப் பற்றி அதிலே ஒரு வரிதானும் இல்லை. வில்லியத்துக்காகப் பொயின் ஆற்றங்கரையிலும் பிற களங்களிலும் உயிர்விட்டவர்களின் குடும்பங்கள் அதனை வாசித்தறிந்தன.

கல்லறையருகே காத்திருந்தோர்

1702இல் செவென் மலைகளிலே கமிசார்கள் என்னும் ஹியூகனோ உழவர் ஆயுதமேந்தி எழுந்தனர். அவ்வெழுச்சி தளர்ந்தபின், 1706இல் அவர்களுள் மூவர் இலண்டனை அடைந்தனர்: துரான் பாஜ், ஜோன் கவலியே, ஏலி மரியோன். உடல் நடுங்க, ஆவியின் வாக்கு என்று அவர்கள் உரைத்தவற்றைக் கேட்க ஆங்கிலேயரும் திரண்டனர். (அதே 1706இலே சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். வெளிப்படுத்தின விசேடம் உள்ளிட்ட அவரது தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. அவ்வச்சுப்பணிக்கு உதவியோருள் இலண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தாரும் அடங்குவர்.)

இங்கே முன்னரே வேரூன்றியிருந்த பிரெஞ்சுத் திருச்சபைகள் வந்தவர்களை வரவேற்கவில்லை. விசாரித்து, 1707 சனவரியில் அவர்களை வெளிப்படையாக மறுத்தன. இதனை வெறும் கல்நெஞ்சம் என்று கொள்ளல் ஆகாது. அந்நியர் ஒருவரின் வெறிக்கு அந்நியர் யாவரும் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதை 1666இன் தீக்குப்பின் இந்நகரத்துப் பிரெஞ்சுக்காரர் நன்கறிந்திருந்தனர். வெளிநாட்டுப் புரட்டஸ்தாந்தருக்குக் குடியுரிமையை எளிதாக்கும் சட்டம் 1709இல் நிறைவேறி, 1712இலே மீளப் பெறப்பட்டதும் அவர்களுடைய அச்சம் வீணன்று என்பதைக் காட்டும்.

வழக்குத் தொடரப்பட்டது. 1707 டிசெம்பரில் மரியோனும் அவர் வாக்குகளை எழுதிப் பதிப்பித்த இருவரும் சேறிங் குறொஸிலும் றோயல் எக்ஸ்சேஞ்சிலும் மேடையேற்றப்பட்டு மக்களின் ஏச்சுக்கு ஆளாக்கப்பட்டனர். அவ்விருவருள் ஒருவர் நிக்கொலா பத்தியோ. றோயல் சங்கத்தின் உறுப்பினர், கணித மேதை, ஐசாக் நியூற்றனின் நெருங்கிய நண்பராக இருந்தவர். அம்மாதத்திலேயே இக்குழுவைச் சேர்ந்த தோமஸ் ஈம்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் இறந்து, பன்ஹில் பீல்ட்ஸ் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். 1708 மே 25ஆம் நாள் அவர் உயிர்த்தெழுவார் என்று நாள் குறிக்கப்பட்டது. அந்நாளில் ஆயிரக்கணக்கானோர் இடுகாட்டைச் சூழ்ந்தனர். அரசு காவலர்களை நிறுத்தியிருந்தது. கல்லறை அசையவில்லை.

அக்காலத்தில் நாணயசாலையின் தலைவராக இலண்டனில் வாழ்ந்த நியூற்றனும் இரகசியமாக இதே எண்களைக் கணக்கிட்டவரே. தானியேல் நூலையும் வெளிப்படுத்தின விசேடத்தையும் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்தபின் 1733இலே வெளிவந்தது. இன்று எருசலேமிலே பாதுகாக்கப்படும் அவரது கையெழுத்துத் தாளொன்றில், கி.பி. 800ஐத் தொடக்கமாகக் கொண்டு 1260ஐக் கூட்டி, 2060க்கு முன் முடிவு வராது என்று குறித்திருக்கிறார். முடிவு இன்ன நாள் என்று சொல்வது தம் நோக்கமன்று, நாள் குறித்து நாள் குறித்துத் தோற்று வேதத்துக்கே இழிவு தேடுவோரின் வாயை அடைக்கவே இதனை எழுதியதாகவும் அதிலே சொல்கிறார். அவரது தாளை அறிந்த செய்தித்தாள்கள் 2003இலே ‘நியூற்றன் குறித்த உலக முடிவு’ என்று தலைப்பிட்டு மகிழ்ந்தன.

பதினான்காம் லூயி 1715இல் இறந்தான்; அடக்குமுறை அவனோடு இறக்கவில்லை. மரி துரான் என்னும் பெண் 1730இலே ஏகு மோர்த் கோட்டையில் அடைக்கப்பட்டு 1768இலே வெளிவந்தார். முப்பத்தெட்டு ஆண்டு. பெத்சதா குளத்தருகே நோயாளி கிடந்ததும் முப்பத்தெட்டு ஆண்டே என்று யோவான் நற்செய்தி கூறும்; அதிலே பொருள் தேடப் புகுந்தால் நாமும் ஜூரியேயின் வழியிலே போய்விடுவோம். இதற்கிடையில் இலண்டன் ஹியூகனோக்கள், கடிதம் சொன்னவாறே வீடும் தோட்டமும் தேடிக்கொண்டிருந்தனர். 1718இலே தம் வறியோருக்கும் முதியோருக்குமாக ஒரு பிரெஞ்சு வைத்தியசாலையை நிறுவினர். 1743இலே பிறிக் லேனும் போர்ணியர் வீதியும் சந்திக்கும் மூலையிலே ஒரு தேவாலயம் எழுப்பினர். அக்கட்டடம் பின்னர் மெதடிஸ்தருடையதாகி, 1898இலே கிழக்கு ஐரோப்பிய யூத அகதிகளின் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாக விளங்குகிறது.

1787 நவம்பரிலே பதினாறாம் லூயி, புரட்டஸ்தாந்தரின் பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் சட்டப்படி பதிய அனுமதித்தான். 1685இலிருந்து 102 ஆண்டு. எவருடைய கணக்கிலும் இல்லாத எண். புரட்சிக்குப்பின் 1790 டிசெம்பரில், மதத்தின் பொருட்டு நாடு நீங்கியோரின் வழித்தோன்றல் எவரும் பிரான்சுக்குத் திரும்பிக் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது. ஸ்பிற்றல்பீல்ட்ஸ் நெசவாளரின் கொள்ளுப்பேரருள் அப்போது பலருக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது, பெயர்களும் ஆங்கிலமாகியிருந்தன. திரும்பியோர் மிகச் சிலரே. அச்சட்டம் 1945 வரையும் செல்லுபடியாக இருந்தது.